‘ஒரு துளியும் வேண்டாம்’ குழுவின் பிராந்தி விருந்து

எங்கள் ஊரில் ஒரு பெண் பிராந்தியை வேண்டாம் என்று சொல்ல மூன்று காரணங்கள்தான் உண்டு. ஒன்று, பல் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். இரண்டு, நீதிபதி தடை போட்டிருக்க வேண்டும். மூன்று, வயிற்றில் பிள்ளை. முதல் காரணமென்றால் கன்னம் வீங்கியிருக்கும். இரண்டாவது வியாழக்கிழமைப் பத்திரிகையில் வந்துவிடும். ஆகவே வீங்காத கன்னத்தோடு, பத்திரிகையில் பெயர் வராத ஒருத்தி என் பாரில் வந்து உட்கார்ந்து “எனக்குச் சும்மா சோடா போதும்” என்றால், அவள் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் கடைசி மேசையில் யாராவது குட்டிச் சாக்ஸ் பின்ன ஆரம்பித்திருப்பார்கள்.

முப்பத்தொரு வருடமாக விஸ்கான்சினின் வடக்கு மூலையில், டாமராக் ஏரிக்கரையில் இந்த பாரையும் அதை ஒட்டிய சாப்பாட்டுக் கூடத்தையும் நடத்தி வருகிறேன். பெயர் நார்பர்ட். ஊருக்கு நார்ப். என் பிராந்தி ஸ்வீட்டைக் குடித்துத்தான் இந்த ஊர் கல்யாணம் பேசியது, விவாகரத்து பேசியது, பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட வோட்டும் போட்டது. ஆரஞ்சுத் துண்டையும் செர்ரிப் பழத்தையும் சர்க்கரையோடு, இரண்டு சொட்டுக் கசப்புச் சாறு விட்டு நசுக்கி, மேலே தாராளமாகப் பிராந்தி, அதன் மேல் கொஞ்சம் இனிப்புச் சோடா. வேறு ரகசியம் எதுவும் கிடையாது. தாராளம்தான் ரகசியம்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது ஷெல்பி பின்வாசல் வழியாக வந்தாள். சீஸ் தொழிற்சாலையில் வேலை, வயது இருபத்தொன்பது. ட்ராவிஸ் ஸ்டெல்ஸ்னரின் மனைவி. வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“நார்ப், ஒரு உதவி வேணும். யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

“பார்காரன்கிட்ட வந்து இதைக் கேக்கறியே. ஊர்ல பாதிரியார் இல்லையா?”

“அவர் புதன்கிழமை புதன்கிழமை உங்க பார்ல வந்துதான் எல்லாத்தையும் கொட்டறார்.”

அது நியாயம். உட்காரச் சொன்னேன்.

“அஞ்சு வாரம் ஆகுது,” என்றாள். கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

இது மூன்றாவது முறை. முதல் முறை ஆறாவது வாரமே சொல்லிவிட்டாள். மறுநாளே வீட்டுக்கு இருபத்து மூன்று ஹாட்டிஷ் வந்தது. கொத்துக்கறி, உருளைக்கிழங்கு, டின்னில் வரும் காளான் சூப், மூன்றையும் கண்ணாடித் தட்டில் கொட்டி ஓவனில் வேகவைத்தால் ஹாட்டிஷ். எங்கள் ஊரின் எல்லா உணர்ச்சிகளும் அந்தத் தட்டில்தான் வெளிப்படும். ஒன்பதாவது வாரம் பிள்ளை தங்கவில்லை. மறுநாள் அதே இருபத்து மூன்று பேர் அதே ஹாட்டிஷைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கி வந்த முகம் மட்டும்தான் வேறு. இரண்டாவது முறையும் அப்படியே.

“முதல்ல வந்த தட்டையே நான் அப்ப கழுவித் திருப்பிக் கொடுத்திருக்கல நார்ப். அதுக்குள்ள அடுத்த லோடு வந்து நின்னுது. சிங்க் முன்னாடி நின்னுக்கிட்டு, எது யாரு தட்டுன்னு அடியில பேரைப் பாத்துப் பாத்துக் கழுவினேன். இந்தத் தடவையும் போச்சுன்னா நானும் ட்ராவிஸும் மட்டும் அழுதுக்கறோம். தட்டு கழுவிக்கிட்டே அழ என்னால முடியாது.”

“எவ்வளவு நாள் மறைக்கணும்?”

“பன்னெண்டு வாரம். அன்னிக்கு ஸ்கேன் இருக்கு.”

“அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை வீட்லயே இருந்துடேன்.”

“வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வரலைன்னா, அதைவிடப் பெரிய சேதி உண்டா?”

அதுவும் நியாயம். வெள்ளிக்கிழமை என் கூடத்துக்கு வராதவர்கள் இறந்திருப்பார்கள், அல்லது ஃப்ளோரிடாவில் இருப்பார்கள்.

“ட்ராவிஸோட சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல மூணு குடிச்சேன்,” என்றாள் மெதுவாக. “அப்ப எனக்குத் தெரியாது. மாய்கிட்ட சொல்லி அழுதேன்.”

மாய் வாங் எங்கள் மாவட்ட நர்ஸ். “மாய் என்ன சொன்னா?”

“‘நடந்தது நடந்துபோச்சு. இன்னிக்கு நிறுத்தினா இன்னிலேருந்து பிள்ளைக்கு நல்லது. இனிமே ஒரு சொட்டுகூட வேண்டாம்’னா. வைட்டமின் மாத்திரை, முட்டை, பீன்ஸ், கீரைன்னு லிஸ்ட் கொடுத்தா. ஏரியில புடிக்கற பெரிய மீன்ல பாதரசம் இருக்குமாம், மாசத்துக்கு ஒருக்காதானாம், சின்னது பரவாயில்லையாம்.”

ஆக வெள்ளிக்கிழமைக்குச் சின்ன மீன், பொய்ப் பிராந்தி. பிராந்திக்கு ஆப்பிள் ஜூஸும் ஆறிய தேநீரும் சேர்த்தேன். செர்ரி ஜாடியிலிருந்து ஒரு ஸ்பூன் சாறு. வழக்கமாக இரண்டு சொட்டு விடும் கசப்புச் சாற்றிலும் சாராயம் உண்டு என்பதால் அதை விட்டுவிட்டேன். ஆரஞ்சுத் துண்டைக் குத்தி நிறுத்தினேன். ஷெல்பி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அசல் மாதிரியே இருக்கு.”

“அசலைவிட நல்லா இருக்கு. வெளிய சொல்லிடாதே, என் பிழைப்பு போயிடும்.”

ஏழு வெள்ளிக்கிழமை ஓடியது. ஷெல்பி வாராவாரம் இரண்டு ‘பிராந்தி’ குடித்தாள், நானே ஏமாறும் அளவுக்கு லேசாகக் கன்னம் சிவந்து சிரித்தாள். ட்ராவிஸ்தான் கவலைக்கிடம். அவன் ரகசியம் காத்ததாகச் சரித்திரமே கிடையாது. நவம்பரில் மான் வேட்டைக்கு அப்பாவோடு காட்டுக் குடிசையில் ஒன்பது நாள் இருக்க வேண்டி வந்தது. வாயைத் திறந்தால் சொல்லிவிடுவோம் என்று பயந்து ஒன்பது நாளும் வாயையே திறக்கவில்லை. அவன் அப்பா ஊர் திரும்பி, “பையனுக்கும் மருமகளுக்கும் சரியில்ல போலிருக்கு” என்று என்னிடம் வருத்தப்பட்டுப் போனார்.

இந்த இடத்தில் ட்ராவிஸின் அம்மாவை அறிமுகப்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அவரே வந்து அறிமுகப்படுத்திக்கொள்வார்.

லவான் ஸ்டெல்ஸ்னர், டாமராக் ஏரித் தாய்மார் நலக் குழுவின் தலைவி. கர்ப்பிணிகள் குடிக்கக்கூடாது என்று ஊருக்கு எடுத்துச் சொல்வதற்காக ஏற்பட்ட குழு அது. ஏழு பேர். மாதத்தில் முதல் வியாழன் என் பின்னறையில் கூடுவார்கள். கூட்டக் குறிப்பில் முதல் தீர்மானம் எப்போதும் ஒன்றுதான்: யார் யாருக்கு என்ன ஊற்றுவது. கர்ப்பிணிகளின் குடிப்பழக்கத்தை நினைத்து லவான் அளவுக்குக் கண்ணீர் விட்டவரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது கிளாஸில் அந்தக் கண்ணீர் ஆரம்பிக்கும்.

குழு ஒரு சமையல் புத்தகமும் போட்டது. ‘ஆரோக்கியத் தாய், ஆரோக்கியச் சேய்’. முப்பத்தெட்டு பதார்த்தங்கள். அதில் பத்தொன்பதில் பீரோ பிராந்தியோ ரம்மோ இருந்தது. நர்ஸ் மாய் அந்தப் பத்தொன்பதையும், கூடவே கிறிஸ்துமஸுக்கு நாங்கள் தின்னும் பச்சைக் கொத்துக்கறி சாண்ட்விச்சையும் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தாள். குழு கூடி விவாதித்தது. “பாரம்பரியத்துல கை வைக்க யாருக்கும் உரிமை இல்ல” என்று ஏகமனதாக இருபதையும் திரும்பச் சேர்த்தது. அந்தக் கூட்டத்திலும் மாய் இருந்தாள், தன் ஃப்ளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துக்கொண்டு. “நம்ம அருமை நர்ஸுக்கு நன்றி” என்று குறிப்பில் எழுதினார்கள்.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை குழுவின் ஆண்டு விருந்து. என் கூடத்தில் நூற்று நாற்பது பேர். மேடைக்குப் பின்னால் சுவரகலத்துக்குப் பேனர்: ‘கருவில் குழந்தையா? ஒரு துளியும் வேண்டாம்!’ பேனரை இலவசமாக அடித்துக் கொடுத்தவர் பிராந்தி மொத்த வியாபாரி. ஓரத்தில் அவர் பாட்டில் படமும் இருந்தது, தாயும் சேயும் இருக்கும் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. வாசலில் பிராந்தி போட்ட ஐஸ் பானகம் வாளியில். ஒரு பக்கம் கறிக் குலுக்கல். எண் எழுதிய மரத் துடுப்பை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும், சக்கரம் உங்கள் எண்ணில் நின்றால் பன்றித் தொடை உங்களுக்கு. தாய்மார் நலத்துக்கும் பன்றித் தொடைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லா நலத்துக்கும் எங்களிடம் பன்றித் தொடைதான்.

ஷெல்பி முன்வரிசை மேசையில், தலைவியின் மருமகள் என்ற முறையில். பதினோரு வாரம், நாலு நாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கையில் நான் கலந்த ஆப்பிள் ஜூஸ். செவ்வாய்க்கிழமை ஸ்கேன். இன்னும் மூன்று நாள்தான் என்று நானும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

லவான் மேடையேறினார். இருபது நிமிடம் பேசினார். கண்ணீர் இந்த முறை முன்கூட்டியே வந்தது. கடைசியில் உறுதிமொழி. “எல்லாரும் கிளாஸைத் தூக்குங்க! ‘வயித்துல பிள்ளை இருக்கும்போது ஒரு துளியும் தொடமாட்டேன்’னு சொல்லி, ஒரே மூச்சுல குடிங்க!”

தன் கிளாஸைப் பார்த்தார். காலி. தலைவி காலிக் கிளாஸைத் தூக்கினால் இயக்கத்துக்கே அவமானம். குனிந்து, கைக்கெட்டிய மருமகளின் கிளாஸை எடுத்தார், உறுதிமொழியைச் சொன்னார், பாதியைக் குடித்தார்.

நின்றார். நாக்கைச் சப்புக்கொட்டினார். இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

“இதுல பிராந்தியே இல்ல,” என்றார். மைக் கையிலேயே இருந்தது.

ஏரிப் பனி உடைந்து எல்ராய் புடெக்கின் லாரி உள்ளே போன வருடம்கூட ஊர் இப்படி அமைதியானதில்லை.

“யோவ் நார்ப்! என் மருமகளுக்கு என்னய்யா ஊத்தியிருக்கே?”

நான் ஷெல்பியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சிங்க் நிறையக் கண்ணாடித் தட்டு என் கண்ணில் வந்து போனது. முப்பத்தொரு வருடப் பெயர் எனக்கு. எங்கள் ஊரில் கொலை செய்தவனுக்குக்கூட ஜாமீன் உண்டு, பிராந்தியில் தண்ணீர் கலந்தவனுக்குக் கிடையாது.

“தண்ணி கலந்தேன்,” என்றேன்.

நூற்று நாற்பது கிளாஸ்களும் ஒரே நேரத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு உயர்ந்தன. எல்ராய் எழுந்து நின்றார். எழுபத்தாறு வயது.

“நார்ப், எங்கப்பாவை அடக்கம் பண்ணிட்டு நேரா இங்கதான் வந்து குடிச்சேன். அன்னிக்கும் கலந்தியா?”

“இல்ல எல்ராய்.”

“அதான் அன்னிக்கு எனக்கு அழுகை நிக்கவே இல்ல.”

லவான் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். அநியாயம் நடந்த இடத்தில் தலைவிதான் பரிகாரம் செய்ய வேண்டும். அவரே இறங்கி, என்னை முழங்கையால் தள்ளிவிட்டு, பார் மேசைக்குப் பின்னால் போனார். புது பாட்டில் திறந்தார், முக்கால் கிளாஸ் நிரப்பினார், சோடாவைப் பேருக்குக் காட்டினார் என்று சொல்லலாம். கொண்டுவந்து ஷெல்பியின் கையில் வைத்தார்.

“இந்தா கண்ணு, இது அசல். வயித்துல இருக்கற எல்லாப் பிள்ளைங்க பேராலயும் குடி. எல்லாரும் மறுபடி தூக்குங்க!”

ட்ராவிஸ் பாய்ந்து எழுந்தான். “அம்மா, நான் குடிக்கறேன், என்கிட்ட கொடு.”

“நீ உக்காருடா. உன்னைத் தண்ணி ஊத்தி யாரும் ஏமாத்தல.”

உதட்டில் வைத்து எடுத்துவிடு என்று நான் கண்ணால் சொன்னேன். ஆனால் லவான் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குடிப்பதுபோல் நடிப்பவரைக் கண்டுபிடிக்க மாநிலத்திலேயே அவரைவிட ஆள் கிடையாது. பின்சுவர் ஓரமாக மாய் பாதி எழுந்து நின்றாள்.

ஷெல்பி கிளாஸைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் வைத்தாள்.

“வேண்டாம் அத்தை.”

“என்னது?”

“ஒரு துளியும் வேண்டாம்.”

அது அவள் தலைக்குப் பின்னால் நாலடி எழுத்தில் எழுதியிருந்த வாசகம்தான். அன்று மாலை முழுக்க அந்தக் கூடத்தில் யாரும் அதைச் செய்து பார்த்திருக்கவில்லை.

நூற்று நாற்பது ஜோடிக் கண்களும் முதலில் அவள் கன்னத்தைப் பார்த்தன. வீக்கம் இல்லை. பிறகு எல்லோரும் வியாழக்கிழமைப் பத்திரிகையை நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. இல்லை. பிறகு எல்லாக் கண்களும் கொஞ்சம் கீழே இறங்கின.

லவானின் கை மைக்கோடு கீழே வந்தது. “எத்தனை வாரம்?” என்று கேட்டபோது அது தலைவியின் குரலாக இல்லை.

“பதினொண்ணு. நாலு நாள்.”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், லவான் ஸ்டெல்ஸ்னர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தேன். அப்புறம் பழக்கம் ஜெயித்தது.

“சரி, ஒரே ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிடும்? சந்தோஷத்துக்குத்தானே? ட்ராவிஸ் வயித்துல இருந்தப்போ டாக்டரே எனக்கு நரம்புக்கு நல்லதுன்னு ராத்திரி ஒரு கிளாஸ் சொன்னார். அவனுக்கு என்ன குறைச்சல்? நீங்களே பாருங்க!”

எல்லோரும் ட்ராவிஸைப் பார்த்தார்கள். அவன் பதற்றத்தில், அம்மா ஷெல்பிக்கு ஊற்றிய பிராந்தியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குலுக்கல் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்துத் தனக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

மாய்தான் முன்னால் வந்தாள். “எவ்வளவு குடிச்சா ஆபத்தில்லைன்னு யாருக்கும் தெரியாது லவான். தெரியாததாலதான் ஒரு துளியும் வேண்டாம்ங்கறோம். உங்க பேனர்லயே இருக்கு.”

“பேனர் பொதுமக்களுக்கும்மா,” என்றார் லவான்.

பக்கத்து மேசையிலிருந்து குழு உறுப்பினர் ஒருத்தி, பிராந்தி இல்லையென்றால் போகட்டும், ரத்தம் ஊறட்டும் என்று ஒரு தட்டை நகர்த்தினாள். ரை தானிய ரொட்டிமேல் பச்சைக் கொத்துக்கறி, மேலே வெங்காயம். ஷெல்பி அதையும் திருப்பி நகர்த்தினாள். “இதுவும் வேண்டாம்.” வேண்டாம் என்ற சொல் ஒருமுறை வாயில் வந்துவிட்டால் பிறகு சுலபம் போலிருக்கிறது. மாமியார் கையிலிருந்து மைக்கையும் வாங்கிக்கொண்டாள்.

“நார்ப் தண்ணி கலக்கல. நான் கேட்டு அவர் எனக்கு ஜூஸ் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை எனக்கு ஸ்கேன். அதுவரைக்கும் இந்த ஊர்ல யாருக்கும் எதுவும் தெரியாது. வாழ்த்தும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். ஒருத்தரும் என் வீட்டுக்குத் தட்டு தூக்கிட்டு வரக்கூடாது. கழுவினதெல்லாம் போதும்.”

கோட்டை எடுத்துக்கொண்டு ட்ராவிஸோடு வெளியே போனாள். கதவு மூடியது. சக்கரம் சுற்றுகிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

அடுத்த மூன்று நாள் ஊர் எதுவும் தெரியாமல் இருக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெட்ரோல் பங்க்கில் ஷெல்பியைப் பார்த்த எல்ராய், “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று மூன்று தடவை தானாகவே சொன்னாராம். பாதிரியார் ஞாயிறு ஜெபத்தில் ‘நமக்குத் தெரியாத ஒருத்திக்காக’ வேண்டிக்கொண்டார். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பிவிடாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டது.

ஞாயிறு மதியம் என் பின்வாசலில் லவானின் வேன். பின்கதவைத் திறந்தார். உள்ளே ஹாட்டிஷ். எண்ணினேன், இருபத்து மூன்று.

“உன் பெரிய ஃப்ரீசர்ல இடம் இருக்கா?”

“வேண்டாம்னு சொன்னாளே லவான்.”

“அவ வீட்டுக்குத்தான் வேண்டாம்னா. உன் ஃப்ரீசரைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நேத்து அவ போனதும் குழு கூடிச்சு.”

“இது எதுக்கு, சந்தோஷத்துக்கா துக்கத்துக்கா?”

“ரெண்டுக்கும் ஒரே சமையல்தானே நார்ப்.” கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். “ரெண்டு தடவையும் முதல் ஆளா நான்தான் தூக்கிட்டுப் போனேன். என் தட்டு வரலையேன்னு போன் வேற பண்ணிக் கேட்டேன். அவ அழுதுக்கிட்டே கழுவினது எனக்குத் தெரியாது.”

அப்போதுதான் கவனித்தேன். ஒன்றுகூடக் கண்ணாடித் தட்டு இல்லை. எல்லாம் தின்றுவிட்டுக் கசக்கி எறியும் அலுமினியத் தட்டு. ஒவ்வொன்றின் மூடியிலும் டேப் ஒட்டி, லவானின் கொட்டை எழுத்தில்: ‘திருப்பித் தர வேண்டாம்.’ டாமராக் ஏரித் தாய்மார் நலக் குழு பிறந்த நாளிலிருந்து ஒரு தாய்க்கு உபயோகமாகப் போட்ட தீர்மானம் அது ஒன்றுதான். என்ன காரணத்தாலோ அதைக் குறிப்பில் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு என் பாரில் அறுபது பேர். செவ்வாய்க்கிழமை வழக்கமாக எல்ராயும் அவர் நாயும்தான். அறுபது பேரும் ஜன்னல் வழியாக உறைந்த ஏரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏரியில் ஏதோ நடக்கப்போவது போல. லவான் கோடி நாற்காலியில், கையில் ஒன்றும் இல்லாமல். மாயின் ஃப்ளாஸ்க் அவர் பக்கத்தில் இருந்தது.

கதவு திறந்தது. யாரும் திரும்பவில்லை. ஷெல்பி பனியை உதறிவிட்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள். ட்ராவிஸ் பின்னால், உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு.

“நார்ப்,” என்றாள், கடைசி மேசைவரை கேட்கிற மாதிரி. “எனக்கு ஒரு கிளாஸ் பால்.”

“நூத்தி அறுபது!” ட்ராவிஸ் கத்திவிட்டான். “இதயம் நிமிஷத்துக்கு நூத்தி அறுபது அடிக்குது! நாங்க கேட்டோம்!”

அறுபது பேரும் ஏரியிலிருந்து திரும்பினார்கள். எல்ராய் அழுதார், இந்த முறை என் பிராந்தியைக் குறை சொல்லாமல். யாரோ என் ஃப்ரீசரைத் திறக்க ஓடினார்கள்.

நான் பால் ஊற்றி ஷெல்பி முன்னால் வைத்தேன். லவான் தொண்டையைச் செருமினார்.

“எனக்கும் அதே.”

“பாலா?”

“காது கேக்கலையா?”

ஊற்றி வைத்தேன். பார் முழுக்க அவரையே பார்த்தது. லவான் கிளாஸைத் தூக்கினார், பாதி குடித்தார், நிறுத்தினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யோவ் நார்ப், இதுல என்ன கலந்தே?”

“ஒண்ணும் கலக்கல லவான்.”

“அதானே பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மீதியையும் குடித்தார்.